வெனிஸ் மாளிகை விடுதிகளில் தங்குதல்

வெனிஸ் நகரின் பழைய மாளிகைகளில் இயங்கும் சொகுசு விடுதிகளில், ஒரே கூரையின் கீழ், ஒரே இரவில், ஓர் அறையின் வாடகை மற்றோர் அறையின் வாடகையைப்போல் இரண்டு மடங்காகவும் அதற்கு மேலாகவும் இருப்பதைக் காணலாம். கட்டிலும் குளியலறையும் காலை உணவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, இந்த வேறுபாட்டுக்கான காரணம் அந்தக் கட்டடம் விடுதியாவதற்கு முன் பல நூற்றாண்டுகள் எவ்வாறு பயன்பட்டது என்பதில் இருக்கிறது. அறையின் அளவு, கூரையின் உயரம், சன்னலின் காட்சி, ஈரம், ஓசை, படகு வந்து நிற்கும் வாயில் ஆகியவை பெரும்பாலும் வணிகர் வீடாக அது கட்டப்பட்ட நாளிலேயே தீர்மானமாகிவிட்டவை. விடுதி நிர்வாகம் அவற்றில் மாற்றக்கூடியது மிகக் குறைவு. ஆகவே வெனிஸில் அறை தேடுபவருக்கு விடுதியின் நட்சத்திர எண்ணிக்கையைவிட மாளிகையின் அமைப்பைப் பற்றிய அறிவே கூடுதலாக உதவும்.

மாளிகையின் அமைப்பு

இடைக்கால வெனிஸின் செல்வக் குடும்பங்கள் நிலவுடைமையால் அல்லாமல் கடல் வணிகத்தால் உயர்ந்தவை. அலெக்சாந்திரியாத் துறைமுகத்தின் வழியே வந்து சேர்ந்த மலபார் மிளகும் பிற நறுமணப் பொருள்களும் அந்த வணிகத்தில் பெரும்பங்கு வகித்தன. பாண்டியர் காலத்துக் காயல் துறைமுகத்தைத் தம் பயண நூலில் விவரித்த மார்க்கோ போலோவும் அத்தகைய ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவரே, நகரின் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயரே இடப்பட்டுள்ளது. இக்குடும்பங்கள் கட்டிய வீடுகளில் குடியிருப்பும் கிடங்கும் அலுவலகமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

தரைத்தளத்தில் அந்த்ரோனே எனப்படும் நீண்ட கூடம், கால்வாயை நோக்கிய நீர்வாயிலில் தொடங்கி, பின்புறத் தெருவையோ முற்றத்தையோ நோக்கிய நிலவாயிலில் முடியும். படகிலிருந்து இறக்கிய சரக்கு இங்கேதான் வைக்கப்பட்டது. அதற்கு மேல், தாழ்ந்த கூரையுடைய மெஸ்ஸானினோ என்னும் இடைத்தளத்தில் கணக்கர்கள் அமர்ந்து வேலை பார்த்தனர். அதற்கும் மேலே அமைந்தது பியானோ நோபிலே, அதாவது குடும்பத்தார் வாழ்ந்து விருந்தினரை வரவேற்ற முதன்மைத் தளம். அதன் நடுவே முன்முகப்பிலிருந்து பின்முகப்பு வரை ஓடும் கூடத்துக்குப் போர்த்தேகோ என்று பெயர், அதன் இருமருங்கிலும் அறைகள் திறக்கும். முகப்பின் நடுவில் நெருக்கமாக அமைந்த வளைவுச் சன்னல்களின் வரிசையைக் கொண்டு, போர்த்தேகோ எங்கே இருக்கிறது என்பதைப் படகில் செல்பவர்கூடச் சொல்லிவிடலாம். சில மாளிகைகளில் இத்தகைய முதன்மைத் தளங்கள் இரண்டு உண்டு. அவற்றுக்கு மேலிருந்த தளங்கள், கூரையடி அறைகள் உட்பட, பணியாளர்களுக்கும் பண்டங்களுக்கும் உரியவை.

சேற்றுக் களிமண்ணில் அடர்த்தியாக அடித்திறக்கப்பட்ட மரக்கம்பங்களின் மேல், ஈரத்தை உறிஞ்சாத இஸ்திரியக் கல்லை அடுக்கி, அதன்மேல் செங்கற்சுவர் எழுப்புவது அந்நகரின் கட்டட முறை. நிலம் சற்றே அமிழ்ந்தாலும் கட்டடம் இசைந்து கொடுக்க வேண்டும் என்பதனால், சுண்ணக் கலவையில் பளிங்குச் சில்லுகளைப் பதித்து மெருகேற்றிய தெராத்சோ தரைகள் இடப்பட்டன. முதன்மைத் தளத்து அறையில் தரை ஒருபுறம் சரிந்திருப்பதைக் கண்டு குறைகூற வருபவர்கள், அந்தச் சரிவு தாம் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஏற்பட்டது என்பதை அறிந்திருப்பது நல்லது.

1797-இல் நெப்போலியனின் படையெடுப்பால் வெனிஸ் குடியரசு வீழ்ந்தபின் பல பிரபுக் குடும்பங்கள் வறுமைப்பட்டு மாளிகைகளை விற்கவும் வாடகைக்கு விடவும் நேர்ந்தது. 1846-இல் வெனிஸைச் சூழ்ந்த கடற்காயலுக்குக் குறுக்கே இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டதும் வெளிநாட்டுப் பயணிகளின் வரவு பெருகியது. இவ்விரண்டும் கூடியதன் விளைவாகவே மாளிகை விடுதிகள் பெருகின. ஜுசெப்பே தால் நியெல் என்பவர் 1820-களில் தாந்தோலோ குடும்பத்தின் 14-ஆம் நூற்றாண்டு மாளிகையில் தொடங்கிய தானியெலி இவ்வகையில் மிகுந்த புகழ்பெற்றது. பிரெஞ்சு எழுத்தாளர்களான ஜார்ஜ் சாண்டும் ஆல்ஃப்ரெத் த மியூசேவும் 1833–34 குளிர்காலத்தில் அங்கே தங்கினர். அவ்விடுதி பின்னர் 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றையும் 1948-இல் எழுந்த புதிய கட்டடம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு மூன்று காலங்களின் தொகுதியாக வளர்ந்ததனால், விடுதியின் பெயரை மட்டும் பார்த்து முன்பதிவு செய்த ஒருவருக்குக் கோதிக் வளைவுகளுக்கு மாறாக இருபதாம் நூற்றாண்டுச் சுவர்கள் வாய்க்கக் கூடிய நிலையும் உருவாயிற்று. வெனிஸில் இது விதிவிலக்கன்று. பல விடுதிகள் அக்கம்பக்கத்து வீடுகளை வாங்கி இணைத்து வளர்ந்தவை. ஆகவே முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குறிப்பிட்ட அறை முதன்மை மாளிகையில் உள்ளதா, இணைப்புக் கட்டடத்தில் உள்ளதா என்பதே.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

இரண்டாவது கேள்வி தளத்தைப் பற்றியது. பியானோ நோபிலே அறைகளில் கூரை உயர்ந்தும் சன்னல்கள் நீண்டும் இருக்கும்; சுதை வேலைப்பாடு, சுவரோவியம், முரானோக் கண்ணாடிச் சரவிளக்கு முதலியவை எஞ்சியிருந்தால் அவை இத்தளத்திலேயே எஞ்சியிருக்கும். மெஸ்ஸானினோ அறைகள், தாழ்ந்த கூரையும் சிறிய சன்னல்களும் கொண்டவை எனினும், நீருக்கு மிக அருகில் இருப்பதனால் சிலருக்குப் பிடித்துப்போகின்றன. கோடையில் நீர் வற்றும் வேளைகளில் கால்வாயின் வாடையும் அங்கேதான் முதலில் எட்டும். கூரையடி அறைகளில் உத்தரங்கள் தலையில் இடிக்குமளவுக்குத் தாழ்ந்திருக்கக் கூடும், ஆனால் ஓட்டுக்கூரைகளுக்கும் மணிக்கூண்டுகளுக்கும் மேலாக விரியும் காட்சி அவற்றிலிருந்தே கிடைக்கும். விடுதிகள் சூட்டும் சுப்பீரியர், டீலக்ஸ், பிரெஸ்டீஜ் போன்ற பெயர்களுக்குப் பொதுவான வரையறை ஏதுமில்லை. அப்பெயர்களைப் புறக்கணித்து, தளம், சதுர மீட்டர், சன்னல் நோக்கும் திசை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுவதே பயன் தரும்.

மூன்றாவது, சன்னல். நகரை வளைந்து ஊடறுக்கும் பெருங்கால்வாயை நோக்கிய அறைக்கே உச்ச விலை. கிரித்தி பேலஸ் போன்ற விடுதியில் அத்தகைய சன்னலுக்கு நேரெதிரே, 1630-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின் நினைவாக எழுப்பப்பட்ட சாந்தா மரியா தெல்லா சலூத்தே தேவாலயத்தின் குவிமாடம் நிற்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் நகரின் தலைவராக இருந்த அந்திரேயா கிரித்தியின் பெயரைத் தாங்கிய அந்தக் கட்டடத்தில்தான், விடுதியாவதற்கு முன், ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் வெனிஸின் கட்டடக்கலையை ஆராய்ந்துகொண்டு தங்கியிருந்தார். காட்சி விலைமதிப்புடையதுதான். ஆனால் பெருங்கால்வாய் நகரின் நெடுஞ்சாலையும்கூட. வப்பொரெத்தோ எனப்படும் பொதுப்போக்குவரத்துப் படகுகள் இரவு முழுவதும் அதில் ஓடுகின்றன, விடிந்ததும் சரக்குப் படகுகளும் குப்பைப் படகுகளும் சேர்ந்துகொள்கின்றன. ரியோ எனப்படும் குறுங்கால்வாயை நோக்கிய அறையில் இந்த இரைச்சல் இல்லை. அவ்வப்போது ஒரு கொந்தொலாப் படகு கடந்து செல்லும், அதில் பாட்டுக்காரர் இருந்தால் அரை நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓரிரு இரவுகளே தங்கி, பகலிலும் அறையில் நேரம் கழிக்க எண்ணுபவர் பெருங்கால்வாய்ச் சன்னலுக்குப் பணம் கொடுக்கலாம். நான்கைந்து நாள் தங்கி நகரைச் சுற்றுபவருக்கு, முதன்மைத் தளத்தில் ரியோவை நோக்கிய அறையே சிறந்தது என்பது இந்நூலின் கருத்து. பக்கவாட்டில் தலையை நீட்டினால் மட்டுமே தெரியும் நீருக்கும் பகுதிக் காட்சி என்று பெயரிட்டு விலை கூட்டுவது உண்டென்பதால், அந்தத் தொடரைக் கண்டால் படம் கேட்பது நலம்.

தொல்சிறப்புக் கட்டடங்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தின் இசைவின்றி இம்மாளிகைகளில் சுவரை இடிக்கவோ சன்னலை மாற்றவோ இயலாது. இதனால் மின்தூக்கி சில கட்டடங்களில் எல்லாத் தளங்களுக்கும் செல்வதில்லை, இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள் எங்கும் இருப்பதில்லை, குளியலறைக்கு இரண்டு படி ஏற வேண்டியும் இருக்கலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுடன் செல்பவர்கள் மின்தூக்கியிலிருந்து அறை வரை எத்தனை படிகள் உள்ளன என்றே கேட்க வேண்டும். மின்தூக்கி உண்டா என்று மட்டும் கேட்டால் உண்டு என்ற விடை வரும், அது பாதி உண்மையாக இருக்கும். கோடையில் கொசுத்தொல்லையும் உண்டு, பழைய சன்னல்களில் வலை அரிது.

காலமும் கட்டணமும்

பிப்ரவரியை ஒட்டி வரும் கார்னிவல், 1895 முதல் நடைபெறும் பியெனாலே கலைக் கண்காட்சியின் தொடக்க நாட்கள், ஜூலை மூன்றாம் வார இறுதியின் ரெதெந்தோரே விழா, ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி லீதோ தீவில் நடக்கும் திரைப்பட விழா ஆகியவற்றின்போது வாடகை உச்சத்தைத் தொடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்கள் நீங்கலாக, நவம்பர் முதல் ஜனவரி வரை அதே அறைகள் கணிசமாக மலிவாகக் கிடைக்கின்றன. மூடுபனியும் குளிரும் நீரேற்றமும் அந்த மலிவின் மறுபக்கம்.

முன்கூட்டியே செலுத்தித் திரும்பப் பெறமுடியாத கட்டணம், இரத்து செய்யக்கூடிய கட்டணம் என இரு வகை உண்டு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்றும் குறைந்தது 30,000 யூரோ அளவிலான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டியிருப்பதனால், விசா கைக்கு வரும்வரை இரண்டாம் வகையில் பதிவு செய்வதே பாதுகாப்பானது. வாடகையில் பெரும்பாலும் சேராத நகரத் தங்கல் வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று விடுதியின் தரத்தையும் பருவத்தையும் பொறுத்து முதல் ஐந்து இரவுகளுக்கு வசூலிக்கப்படுகிறது. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. 2024 முதல் ஆண்டின் குறிப்பிட்ட நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் பெறப்படுகிறது. நகரில் இரவு தங்குபவர்களுக்கு அது இல்லை எனினும், விலக்குச் சான்றை இணையத்தில் முன்னதாகப் பதிவு செய்து கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான விடுதிகள் கேட்டால் இதற்கு உதவும்.

செலவைக் குறைக்க எண்ணி, நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் இதே தரத்தில் மலிவான விடுதி கிடைக்கிறதே என்று சிலர் கணக்கிடுவர். பகல்நேரக் கூட்டம் தொடர்வண்டியிலும் பேருந்திலும் வெளியேறிய பின்னரான மாலையும், அது திரும்பி வருவதற்கு முன்னரான காலையுமே தீவிலுள்ள விடுதி தரும் முதன்மைப் பயன் என்பதனால் அந்தக் கணக்கு பிழையானது. தீவுக்குள்ளேயே எளிய விடுதி ஒன்றில் தங்குவது அதைவிட மேல்.

வந்து சேர்தல்

நகருக்குள் மோட்டார் வாகனங்கள் இல்லை. 1933-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் முனையான பியாத்சாலே ரோமாவில் பேருந்தும் டாக்சியும் நின்றுவிடும்; சாந்தா லூச்சியா தொடர்வண்டி நிலையமும் நகரின் விளிம்பிலேயே உள்ளது. அங்கிருந்து ஒவ்வொரு பெட்டியையும் படிகள் கொண்ட பாலங்களின் மேல் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதை எண்ணியே சுமையைக் கட்ட வேண்டும். விமான நிலையத்திலிருந்து பொதுப் படகில் நகர மையமான சான் மார்க்கோவுக்குச் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மரத்தாலான தனிப்பட்ட நீர்-டாக்சி அதில் பாதி நேரத்தில் விடுதியின் நீர்வாயிலிலேயே இறக்கிவிடும், கட்டணம் 100 யூரோவைத் தாண்டும். மாளிகை விடுதிக்கு இவ்வளவு செலவிடுபவர் வந்து சேரும் நாளில் மட்டுமாவது நீர்-டாக்சியில் செல்வதில் நியாயம் உண்டு: அந்த வீடு கட்டப்பட்டதே நீர்வழியாக வருபவருக்காக. முகப்பு முழுவதும் கால்வாய்ப் பக்கம்தான். தெருவழியே வருபவர் அதன் முதுகை மட்டுமே காண்கிறார்.

நீர்வாயிலைப் பயன்படுத்துபவர் நீரேற்ற இறக்கத்தை மதிக்க வேண்டும். நீர் இறங்கியிருக்கும்போது வெளிப்படும் கீழ்ப்படிகளில் பாசி படிந்து வழுக்கும் என்பதால், கரும்பச்சையாகத் தெரியும் படியில் கால்வைக்காமல் விடுதிப் பணியாளர் நீட்டும் கையைப் பற்றிக்கொண்டு உலர்ந்த படிக்கு ஏற வேண்டும். நீர் மிக உயர்ந்திருக்கும்போது தாழ்ந்த பாலங்களின் கீழ் படகு நுழைய முடியாது. குளிர்கால இறுதியில் நீர் மிகத் தாழும் நாட்களில் குறுங்கால்வாய்கள் சில வற்றிவிடும். ரியோவில் மட்டும் நீர்வாயில் உள்ள விடுதியில், இவ்விரு வேளைகளிலும் சற்றுத் தொலைவிலேயே இறங்கி நடக்க நேரிடலாம்.

நடந்து வருபவருக்கு முகவரியால் பயனில்லை. நகரின் ஆறு வட்டாரங்களும் தத்தமக்குரிய ஒரே தொடர் எண்களில் கதவிலக்கம் இடப்பட்டவை என்பதால், காஸ்தெல்லோ வட்டாரத்தில் இலக்கங்கள் 6,000-ஐத் தாண்டுகின்றன, அடுத்தடுத்த இலக்கங்கள் வேறு வேறு சந்துகளில் இருக்கின்றன. கம்போ எனப்படும் சதுக்கங்களுள் எது அருகிலுள்ளது, எந்தப் படகுத்துறையில் இறங்குவது என்ற இரண்டையும் விடுதியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். ஜுதெக்கா போன்ற தனித்தீவுகளில் உள்ள விடுதிகள் சான் மார்க்கோவுக்குத் தம் சொந்தப் படகை இயக்குகின்றன. இரவின் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பது அங்கே அறையின் தரத்துக்கு ஈடான செய்தி.

வரவேற்பு மேசையில் குழந்தைகள் உட்பட ஒவ்வொருவரின் கடவுச்சீட்டும் கேட்கப்படும், ஏனெனில் தங்குபவர் விவரங்களைக் காவல் துறைக்கு அனுப்புவது இத்தாலியச் சட்டப்படி விடுதியின் கடமை.

தங்கியிருக்கும் நாட்கள்

சொகுசு விடுதியில் வாடகைக்குள் அடங்கியிருந்தும் பலரும் பயன்படுத்தாமல் விடுவது கொன்சியெர்ஜின் சேவை. விருந்தினருக்கு வெளியுலகில் வேண்டியவற்றை ஏற்பாடு செய்து தரும் இந்த அலுவலரின் சட்டை மடிப்பில் குறுக்காக அமைந்த இரு பொற்சாவிகள் இருந்தால், அவர் 1929-இல் பாரிஸில் தோன்றிய தொழில்முறைச் சங்கமான லெ கிளெஃப் தோர் அமைப்பின் உறுப்பினர். 1792-இல் திறக்கப்பட்டு இருமுறை எரிந்து மீண்டும் எழுந்த லா ஃபெனீச்சே இசையரங்கின் நுழைவுச்சீட்டு, தேவாலயங்களில் கூட்டமற்ற நேரம், நம்பகமான படகோட்டி ஆகியவற்றுக்கு அவரை நாடலாம். முரானோத் தீவின் கண்ணாடிப் பட்டறைக்கு இலவசப் படகு என்று யார் அழைத்தாலும் மறுத்துவிடுவது நல்லது. திரும்பும் வழி விற்பனைக்கூடத்தின் ஊடாகவே அமையும், படகின் செலவு பொருளின் விலையில் ஏறியிருக்கும். கண்ணாடி உலைகள் தீ விபத்துக்கு அஞ்சி 1291-இல் மாற்றப்பட்ட அந்தத் தீவுக்கு வப்பொரெத்தோவில் தானே செல்வது எளிது.

மரக்கறி உண்பவர்களுக்கு வெனிஸ் சமையலில் எச்சரிக்கை தேவை. அரிசியும் பச்சைப் பட்டாணியும் சேர்ந்த ரீசி எ பீசி, பெயரளவில் மரக்கறியாகத் தோன்றினாலும் பன்றியிறைச்சித் துண்டும் இறைச்சிச் சாறும் சேர்ந்தது; வெங்காயக் குழம்பில் புரட்டிய பீகொலி சேமியாவில் உப்பிட்ட நெத்திலி கரைந்திருக்கும். ரிசொத்தோ என்னும் அரிசி உணவை எந்தச் சாற்றில் வேகவைத்தனர் என்று கேட்காமல் உண்ணக் கூடாது. முதல் நாளே விடுதிச் சமையற்கூடத்துக்குச் சொல்லிவிட்டால், வசந்தத்தில் சாந்த் எராஸ்மோ தீவின் ஊதா ஆர்ட்டிசோக்கும் குளிர்காலத்தில் த்ரெவீசோவின் கசப்பான செங்கீரையும் கொண்டு நல்ல உணவு கிடைக்கும். குழாய் நீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம். 1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய்நீர் வரும்வரை கம்போக்களின் அடியிலுள்ள கிணறுகளில் மணலால் வடிகட்டிச் சேமித்த மழைநீரையே நகரம் குடித்தது, அக்கிணறுகளின் கல்வாய்கள் இன்றும் நிற்கின்றன. உணவக இரசீதில் கொபேர்த்தோ என்று காணப்படுவது மேசைக்கான தலைக்கட்டணம், அன்பளிப்பு அன்று. சான் மார்க்கோ சதுக்கத்தின் காப்பிக்கடைகளில் இசைக்குழு வாசிக்கும்போது வெளியே அமர்ந்தால் அதற்கும் தனிக்கட்டணம் உண்டு.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வருபவர்கள் அக்குவா அல்தா எனப்படும் நீரேற்றத்தைப் பற்றி அஞ்சுவது இயல்பு. 1966 நவம்பர் 4-இல் 194 சென்டிமீட்டரும் 2019 நவம்பர் 12-இல் 187 சென்டிமீட்டரும் உயர்ந்த நீர் பெருஞ்சேதம் விளைவித்தது. காயலின் மூன்று முகத்துவாரங்களில் 78 மிதவைக் கதவுகளை எழுப்பிக் கடலைத் தடுக்கும் மோசே என்னும் அமைப்பு 2020 அக்டோபர் 3 முதல் இயங்கிவருவதால் அத்தகைய உயரங்கள் இப்போது நகருக்குள் எட்டுவதில்லை. ஆயினும் சிறிய ஏற்றங்களுக்குக் கதவுகள் பொதுவாக எழுப்பப்படுவதில்லை என்பதனால், தாழ்வான பகுதிகளில் சில மணி நேரம் நீர் தேங்கக் கூடும். நீர் சில மணி நேரத்தில் தானே வடிந்துவிடும், விடுதிகள் நீண்ட காலணிகளை இரவலாகத் தரும், அறைகள் மேல்தளங்களில் இருப்பதனால் உறக்கத்துக்கு இடையூறில்லை.

அதிகாலை விமானத்தில் புறப்படுபவர் முந்தைய மாலையே நீர்-டாக்சியைப் பதிவு செய்து, மறுநாள் காலை நீரின் உயரத்தையும் கொன்சியெர்ஜிடம் கேட்டு, படகு நீர்வாயிலுக்கு வருமா அல்லது அருகிலுள்ள துறைக்கு நடக்க வேண்டுமா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நடக்க வேண்டுமெனில் பெட்டிகளை முன்னதாகவே சுமைப்பணியாளரிடம் ஒப்படைத்து, புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குவது போதுமானது.